வகுத்தபின் நிற்கும் மீதி: அன்றாடக் கணக்கின் இன்பமும் இடரும்

 

தாம் ஈட்டிய பொருளில் ஒரு பகுதியை முதலாக வைத்து, அந்த முதல் என்றும் குறையாமல் நிற்க, அதில் விளையும் வட்டியைக்கொண்டு ஆண்டுதோறும் அறிஞர் அவையில் ஒரு சொற்பொழிவு நிகழ வேண்டும் என்று ஏற்பாடு செய்த பெருந்தகையார், கல்வியின்பால் தாம் வைத்த அன்பை மட்டுமன்றிக் கணக்கின்பால் வைத்த நம்பிக்கையையும் அந்த ஏற்பாட்டினாலேயே நமக்குத் தெரிவித்திருக்கிறார். ஆகவே, அவர் நினைவாகக் கூடிய இந்த அவையில், அன்றாட வாழ்வில் கணிதம் தரும் இன்பத்தையும் இடரையும் பற்றிப் பேசுவது பொருத்தமாகும் என்று கருதி இத்தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

கணிதத்தைப் பற்றி நாம் கேட்கும் பேச்சு இருவகைப்பட்டது. அதைப் போல் தெளிவும் ஆனந்தமும் தரவல்ல சாஸ்திரம் வேறொன்றில்லை என்பார் சிலர். பள்ளிக்கூடத்தை விட்டுப் பல ஆண்டுகள் சென்ற பின்னும் அதன் பெயரைக் கேட்ட அளவிலேயே மனம் கூசுவார் பலர். இவ்விரு சாராருடைய அநுபவமும் மெய்யானதே. ஆனால் அவ்விரண்டும் வெவ்வேறு இடங்களில் தோன்றுவன என்று நான் எண்ணவில்லை. ஒன்றை மற்றொன்றால் வகுக்கப் புகுந்து, வகுபடாமல் ஏதோ ஒன்று மீதியாக நின்றுவிடுகிறதே, அந்த இடத்தில்தான் கணக்கின் இன்பமும் பிறக்கிறது, இடரும் பிறக்கிறது. அந்த மீதியைத் தொடர்ந்து சென்றவர்கள் பேரின்பத்தை எய்தினார்கள். அந்த மீதி எங்கே போயிற்று என்று அறியாதவர்கள் பொருளையும் அமைதியையும் இழந்தார்கள். இந்த ஒரு கருத்தையே சில உதாரணங்களைக்கொண்டு இன்று விளக்க விரும்புகிறேன்.

ஒரு வகுத்தல், மூன்று விடைகள்

நூற்றை முப்பதால் வகுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஈவு 3, மீதி 10 என்று எழுதிவிட்டுச் சிறுவன் பலகையைக் கீழே வைத்துவிடுகிறான். ஆனால் வாழ்க்கை அவனை அவ்வளவில் விட்டுவிடுவதில்லை. 100 மாணவர்களைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும், ஒரு வண்டியில் 30 பேர் அமரலாம் என்றால், வேண்டிய வண்டிகள் 4. கையில் 100 ரூபாய் இருக்கிறது, ஒரு புத்தகத்தின் விலை 30 ரூபாய் என்றால், வாங்கக்கூடிய புத்தகங்கள் 3. பத்து ரூபாய் பையிலேயே தங்கும். 100 படி நெல்லை 30 குடும்பங்களுக்குப் பகிர வேண்டும் என்றால், ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்று படியும் அதற்கு மேல் ஒரு படியில் மூன்றில் ஒரு பங்கும் அளக்க வேண்டும். வகுத்தல் ஒன்றே, எண்கள் அவையே, விடைகளோ மூன்று. மீதி நின்ற பத்தை ஓரிடத்தில் மேலேற்றினோம். ஓரிடத்தில் ஒதுக்கி வைத்தோம். ஓரிடத்தில் மேலும் நுணுக்கமாக உடைத்தோம். இம்மூன்றில் எதைச் செய்ய வேண்டும் என்பதை எண்கள் சொல்வதில்லை. மனிதர்களையும் பொருள்களையும் அறிந்த அறிவுதான் சொல்கிறது. அன்றாடக் கணக்கு என்பது எண்ணோடு இந்த அறிவும் சேர்ந்ததாகும்.

நாட்டுக் கணக்கில் மீதி

நம் முன்னோர் இதை நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்குத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சிறுவர்கள் மனப்பாடம் செய்த எண்சுவடியே சான்று. கால், அரை, முக்கால் என்பவற்றோடு நில்லாமல், அரைக்கால், மாகாணி என்று எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று வரையிலும், மறுபுறம் மா, காணி, முந்திரி என்று இருபதில் ஒன்று, எண்பதில் ஒன்று, முந்நூற்றிருபதில் ஒன்று வரையிலும் கீழ்வாய் இலக்கங்களை அவர்கள் வகுத்து வைத்தனர். முந்திரியையும் மீண்டும் 320 கூறாக்கி, அதில் ஒரு கூற்றைக் கீழ்முந்திரி என்றனர். அஃதாவது ஒன்றில் 1,02,400-ல் ஒரு பங்கு. 320 என்ற எண்ணை அவர்கள் தேர்ந்ததில் ஒரு நயம் இருக்கிறது. அது பாதி பாதியாக ஆறு முறை உடையும், ஐந்தாலும் வகுபடும். சந்தையில் பாதியாக்குவதும், விரல்விட்டு ஐந்தைந்தாக எண்ணுவதும் ஒரே எண்ணுக்குள் இசைந்து நிற்கின்றன.

ஆயினும் மூன்று பிள்ளைகளைப் பெற்ற தகப்பன் தன் உடைமையைச் சமமாகப் பகிர விரும்பினால், இத்துணை நுட்பமான ஏற்பாடும் கைவிட்டுவிடுகிறது. 320 முந்திரியை மூவருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 106 முந்திரி போக 2 முந்திரி மீதி. அந்த இரண்டைக் கீழ்முந்திரியாக மாற்றினால் 640. அதை மூவருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 213 போக ஒன்று மீதி. எவ்வளவு கீழே இறங்கினாலும் ஏதேனும் ஒன்று மீதி நின்றே தீரும். ஆனால் நெல்லை அளக்கும் முகத்தல் அளவையிலோ முன்னோர் வேறொரு வழியைக் கண்டிருந்தனர். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. எட்டுப் படி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி என்று இரட்டித்து இரட்டித்தே வந்த வரிசை, கடைசிப் படியில் மட்டும் முறை மாறி, மூன்று தூணி ஒரு கலம் என்று முடிகிறது. அதனால் 12 குறுணி கொண்ட கலம், இருவருக்கும் மூவருக்கும் நால்வருக்கும் அறுவருக்கும் மீதியின்றிப் பகிரப்படுகிறது. களத்து மேட்டில் நின்று நெல்லைப் பங்கிட்டவர்களுக்கு மூன்றின் தேவை இருந்தது. அளவை அந்தத் தேவைக்கு இடம் கொடுத்தது.

இதே மரபில் வந்த காரிநாயனாரின் கணக்கதிகாரம் என்னும் நூல், கணக்கை விளையாட்டாகவும் ஆக்கிக் காட்டுகிறது. பலாப்பழத்தை அறுக்காமலே அதனுள் இருக்கும் சுளைகளின் தொகையை அறிய ஒரு வழி அதில் சொல்லப்பட்டிருக்கிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும் என்பது அது. எல்லாப் பழமும் இவ்விதிக்குக் கட்டுப்படும் என்று சொல்ல முடியாது. ஆனால், கணக்கு என்பது ஏட்டில் மட்டும் இருப்பதன்று, தோட்டத்தில் தொங்கும் பழத்தின் முள்ளிலும் இருக்கிறது என்று ஒரு சிறுவனுக்குக் காட்டி, அவனை எண்ணவும் பெருக்கவும் வகுக்கவும், பிறகு பழத்தை அறுத்துத் தன் விடையைச் சோதிக்கவும் தூண்டுகிற நூல் எத்துணைப் பெரிய ஆசிரியர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அணா மறைந்தபோது

மீதியின் இடரை நம் நாடு முழுவதும் ஒரே நாளில் அநுபவித்தது 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதியன்று. அதுவரை ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 தம்படி என்று வழங்கிவந்த நாணய முறை மாறி, 1955-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின்படி ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா என்ற முறை அன்று நடைமுறைக்கு வந்தது. தசாம்ச முறையின் ஸௌகரியத்தை இன்று எவரும் மறுக்கமாட்டார். ஆனால் 100-ஐ 16-ஆல் வகுத்தால் 6 போக 4 மீதி. ஓர் அணா என்பது ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. ஆகையால், மிக அருகில் உள்ள முழு நாணயத்துக்கு மாற்ற வேண்டும், இரு பக்கமும் சமதூரமாக இருந்தால் கீழ்நாணயத்தையே கொள்ள வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அதன்படி ஓர் அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நான்கு அணாவுக்கு 25 என்று மாற்று விகிதம் அமைந்தது.

இதன் விளைவைச் சற்று ஆராய்வோம். ஓர் அணா விலையுள்ள பொருளை ஒருவர் மூன்று தனித்தனி வேளைகளில் வாங்கினால் அவர் கொடுப்பது 18 நயா பைசா; மூன்றையும் ஒரே வேளையில் வாங்கினால் கொடுப்பது 19. பதினாறு முறை தனித்தனியாக வாங்குபவர் 96 நயா பைசாவோடு விடுபடுவார். ஒரே முறையாக வாங்குபவர் முழு ரூபாயைக் கொடுப்பார். மூன்று அணாப் பொருளை ஐந்து முறை தனித்தனியாக வாங்கியவரோ 95 கொடுத்து, பதினைந்து அணாவுக்குரிய 94-ஐவிட ஒரு பைசா மிகுதியாக இழப்பார். இதில் எவரும் எவரையும் ஏமாற்றவில்லை, சட்டமும் நேர்மையானதே. ஆயினும் வாங்குபவர் தாம் ஏமாற்றப்பட்டதாகவும், விற்பவர் தமக்கு நஷ்டம் வந்ததாகவும் எண்ணுவதற்கு அந்தக் கால் பைசா போதுமானதாயிற்று. ஒருவருக்கொருவர் நம்பிக்கை வைத்து நடக்கும் வியவகாரத்தில், மீதியை எப்படித் தீர்க்கிறோம் என்பதை இரு தரப்பாரும் முன்னரே அறிந்திருப்பது எவ்வளவு அவசியம் என்பதை இது காட்டுகிறது.

காலத்தை வகுத்தல்

நாணயம் மனிதன் செய்தது, வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சூரியனும் சந்திரனும் நம் வசதிக்காகச் செல்பவை அல்ல. பருவங்கள் ஒரு சுற்றுத் திரும்பி வர 365 நாட்களும், அதற்கு மேல் ஏறத்தாழ 0.2422 நாளும் ஆகின்றன. இந்தச் சிறு பின்னத்தைக் கால் நாள் என்று கொண்டு நான்கு ஆண்டுகளுக்கு ஒரு நாளைக் கூட்டிய ஜூலியன் நாட்காட்டி, ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நிமிஷம் மிகுத்துக் கணக்கிட்டது. பதினொரு நிமிஷத்தை யார் பொருட்படுத்துவார்? ஆனால் அது பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்து, 1582-ஆம் ஆண்டில் போப் பதின்மூன்றாம் கிரெகரியின் ஆணையால் அக்டோபர் 4-ஆம் தேதிக்கு மறுநாளை 15-ஆம் தேதி என்று வைத்து, பத்துத் தேதிகளை நீக்கவேண்டிய நிலையைக் கொண்டுவந்தது. அதன் பின் வந்த விதியால் 400 ஆண்டுகளில் 97 மிகுநாள் ஆண்டுகளே வருகின்றன. 1900 மிகுநாள் ஆண்டு அன்று, 2000 மிகுநாள் ஆண்டு.

நம் பஞ்சாங்கமும் இதே மீதியோடு போராடியதே. வாக்கியப் பஞ்சாங்கம் கொள்ளும் ஆண்டு 365 நாள், 15 நாழிகை, 31 விநாடி, 15 தற்பரை. இது நட்சத்திரங்களை அளவாகக் கொண்ட ஆண்டு. பருவ ஆண்டைவிடச் சிறிது நீண்டது. அதனால் சித்திரை முதல் நாள், பருவங்களோடு ஒப்பிட, ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் பின்னே தள்ளிச் செல்கிறது. சந்திர மாதத்தை எடுத்துக்கொண்டால், பன்னிரண்டு மாதங்கள் 354 நாட்களில் முடிந்துவிட, ஆண்டுக்குப் பதினொரு நாள் அளவில் குறை விழுகிறது. அதை ஈடுசெய்யச் சராசரியாக 19 ஆண்டுகளில் 7 அதிக மாதங்கள் வருகின்றன. ஒரே பண்டிகையை வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நாளிலும் திருக்கணிதப் பஞ்சாங்கம் மற்றொரு நாளிலும் காட்ட, ஒரே தெருவில் இரண்டு வீட்டார் இரு வேறு நாட்களில் விரதம் இருக்கும் சங்கடம் சில ஆண்டுகளில் நேர்கிறது. அதற்கு ஒருவர் பக்தியிலும் குறையில்லை. வானத்தின் இயக்கம் முழு எண்களில் அடங்காமையும், அடங்காத மீதியை இரு முறைகளும் வெவ்வேறு விதமாகத் தீர்ப்பதுமே காரணம்.

ஆனால் இந்த மீதியே ஓர் இனிய விளையாட்டையும் நமக்குத் தருகிறது. 365-ஐ ஏழால் வகுத்தால் மீதி ஒன்று. ஆகவே ஒரு தேதி இவ்வாண்டு எந்தக் கிழமையில் வருகிறதோ, அடுத்த ஆண்டு அதற்கு அடுத்த கிழமையில் வரும். இடையில் பிப்ரவரி 29 குறுக்கிட்டால் இரண்டு கிழமை தள்ளும். நம் நாடு விடுதலை பெற்ற 1947 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. பத்தாண்டு கழித்து அதே தேதி என்ன கிழமை? ஆண்டுக்கு ஒன்றாகப் பத்து, இடையில் 1948, 1952, 1956 ஆகிய மூன்று மிகுநாள் ஆண்டுகளுக்கு மூன்று, ஆகப் பதின்மூன்று. ஏழால் வகுத்தால் மீதி ஆறு. வெள்ளியிலிருந்து ஆறு எண்ணினால் வியாழன். இதை ஒரு முறை செய்து பார்த்த மாணவன், தன் பிறந்த நாளின் கிழமையையும் தன் தாய் தந்தையர் திருமண நாளின் கிழமையையும் கணக்கிடாமல் அன்றிரவு உறங்கமாட்டான்.

பங்கீட்டில் ஒரு புதிர்

மீதியைப் பகிரும் பிரச்சினை அரசியலிலும் நுழைந்து, அறிஞர்களைத் திகைக்கவைத்த வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பிரதிநிதிகள் சபையில் உள்ள இடங்களை மாநிலங்களுக்கு அவற்றின் ஜனத்தொகைக்கு ஏற்பப் பகிர வேண்டும். ஒரு மாநிலத்துக்கு உரியது ஏழேமுக்கால் இடம் என்று கணக்கு வந்தால், முக்கால் உறுப்பினரை அனுப்ப இயலாது. எனவே ஒவ்வொரு மாநிலத்துக்கும் முழு எண்ணை முதலில் கொடுத்துவிட்டு, எஞ்சிய இடங்களைப் பின்னம் பெரிதாக உள்ள மாநிலங்களுக்கு வரிசையாகக் கொடுப்பது ஒரு முறை. கேட்பதற்கு இதைவிட நியாயமான முறை இல்லை என்றே தோன்றும். ஆனால் 1880-ஆம் ஆண்டின் குடிமதிப்பை வைத்துக் கணக்கிட்டபோது, சபையில் மொத்தம் 299 இடங்கள் இருந்தால் அலபாமா மாநிலத்துக்கு 8 இடங்களும், மொத்தம் 300 ஆக உயர்ந்தால் அதே மாநிலத்துக்கு 7 இடங்களும் கிடைக்கும் என்று தெரியவந்தது. பகிரும் பொருள் கூடியது. ஒருவருடைய பங்கோ குறைந்தது! மொத்தம் ஒன்று கூடியபோது எல்லாருடைய பின்னங்களும் சிறிது சிறிது வளர, பெரிய மாநிலங்களின் பின்னம் விரைந்து வளர்ந்து அலபாமாவின் பின்னத்தைத் தாண்டிச் சென்றதே இதற்குக் காரணம்.

பிழையற்ற வேறு முறை ஒன்றைக் கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு நூற்றாண்டுக் காலம் முயன்றனர். முடிவில் பலின்ஸ்கி, யங் என்னும் இரு கணித அறிஞர்கள், ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதற்குரிய விகிதத்தை ஒட்டிய முழு எண்ணையே கொடுத்து, அதே சமயம் இத்தகைய முரண்பாடுகள் எவற்றுக்கும் இடந்தராத முறை ஒன்று இருக்கவே முடியாது என்று நிறுவி, 1982-இல் நூலாக வெளியிட்டனர். கணிதம் இங்கே நமக்குச் செய்த உபகாரம் பெரிது. இல்லாத ஒன்றைத் தேடி அலைவதிலிருந்து அது நம்மை விடுவித்தது. எந்தக் குறையை ஏற்பது என்று மக்கள் கூடித் தீர்மானிப்பதே வழி என்று காட்டியது.

மறைக்கப்பட்ட மீதி

இதுவரை சொன்ன இடர்களில் வஞ்சனை இல்லை. வஞ்சனை கலந்த இடரும் உண்டு; அதைச் சொல்லாமல் இப்பொருளைப் பேசி முடிப்பது கடமை தவறியதாகும்.

ஒருவர் 10,000 ரூபாய் கடன் வாங்குகிறார். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்கிறார் கொடுப்பவர். முதலும் வட்டியும் சேர்ந்து 11,200. அதைப் பன்னிரண்டு மாதத் தவணைகளாக்கினால் மாதம் 933 ரூபாய் 33 காசு, கடைசியில் 4 காசு மீதி. வாங்கியவர் அந்த நான்கு காசையும் மறவாமல் செலுத்திவிட்டு, தாம் 12 சதவீத வட்டியே கொடுத்ததாக எண்ணி அமைதியடைகிறார். ஆனால் ஆறு தவணை கட்டியபின் ஏறத்தாழப் பாதிக் கடன் தீர்ந்துவிட்டதே, தீர்ந்துபோன பாதிக்கும் ஆண்டு முழுவதும் எதற்காக வட்டி கொடுத்தோம் என்று அவர் கேட்கவில்லை. அவர் கையில் உண்மையில் எவ்வளவு பணம் எவ்வளவு காலம் இருந்தது என்று பார்த்துக் கணக்கிட்டால், அவர் கொடுத்த வட்டி ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கும் மேல். நூற்றுக்கு இரண்டு வட்டி என்று எளிதாகச் சொல்லப்படும் மாத வட்டியோ, ஆண்டுக்கு 24 சதவீதம். கட்டாத வட்டி மாதந்தோறும் முதலோடு சேருமாயின் 26 சதவீதத்தையும் கடந்துவிடும்.

விலையை முதலில் 10 சதவீதம் உயர்த்திப் பிறகு 10 சதவீதம் தள்ளுபடி அறிவித்தால், 100 ரூபாய்ப் பொருள் பழைய விலைக்குத் திரும்புவதில்லை. 110 ஆகி, அங்கிருந்து 99 ஆகிறது. தள்ளுபடி பத்து சதவீதம் என்று கேட்டு மகிழ்ந்தவர் பெற்ற லாபம் ஒரு ரூபாயே. இருபது சதவீதத் தள்ளுபடிக்கு மேல் பத்து சதவீதத் தள்ளுபடி என்றால் முப்பது என்று மனம் கூட்டிவிடுகிறது. உண்மையில் கிடைப்பது இருபத்தெட்டு. எதன்மேல் சதவீதம் கணக்கிடப்படுகிறது என்ற ஒரு கேள்வியைக் கேட்கத் தெரியாததால் உழைத்துச் சேர்த்த பொருளை இழப்பவர்கள் நம்மிடையே ஆயிரக்கணக்கானோர். அவர்களுடைய அறிவில் குறையில்லை. அந்தக் கேள்வியை அவர்களுக்குக் கற்றுக்கொடுக்காத கல்வியில்தான் குறை. என் மனத்தை மிகவும் வருத்துவது இதுவே.

மீதியைத் தொடர்ந்தவர்கள்

இனி இன்பத்தின் பக்கம் திரும்புவோம். கி.பி. 499-இல் ஆரியபட்டர் இயற்றிய ஆரியபடீயத்தில் குட்டகம் என்னும் ஒரு முறை கூறப்பட்டிருக்கிறது. வகுத்தபின் நிற்கும் மீதிகளை மட்டும் சொன்னால், வகுக்கப்பட்ட எண்ணைக் கண்டறியும் உபாயம் அது. 629-இல் அந்நூலுக்கு உரை கண்ட முதலாம் பாஸ்கரர் ஒரு கேள்வி கேட்கிறார்: எட்டால் வகுத்தால் 5-உம், ஒன்பதால் வகுத்தால் 4-உம், ஏழால் வகுத்தால் 1-உம் மீதி நிற்கும் எண் எது? விடை 85. பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்து, வந்த மீதியால் அச்சிறிய எண்ணை வகுத்து, அதில் வந்த மீதியால் மீண்டும் வகுத்து, மீதி நொறுங்கி ஒழியும் வரையில் தொடர்ந்து செல்வதே இம்முறையின் உயிர்.

வானத்தின் ஒழுங்கைக் கண்டுபிடிக்க இத்தகைய வகுத்தலே துணைபுரிந்தது. சந்திரன் தன் வேகம் மாறும் சுற்றில் ஒன்பது முறை சுற்றி வர ஏறத்தாழ 248 நாள் ஆகும். பிசகு கால் மணி நேரத்துக்குள் அடங்கும். 110 சுற்றுக்கு 3031 நாள் என்று கொண்டாலோ பிசகு ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. இவ்விரு எண்களையும் அடிப்படையாகக் கொண்டு, 248 நாட்களுக்கு உரிய சந்திரனின் நிலைகளை 248 வாக்கியங்களாக்கி, எழுத்துக்களிலேயே எண்களை ஒளித்துவைத்து மனப்பாடம் செய்துவந்தனர் நம் நாட்டுப் பஞ்சாங்கக்காரர்கள். 1825-ஆம் ஆண்டில் சென்னையில் காலசங்கலிதம் என்னும் பெருநூலை வெளியிட்ட வாரன் என்னும் படை அதிகாரி, புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் ஏடும் எழுத்தாணியும் இன்றி, தரையில் சோழிகளை வைத்து, மனத்தில் இருந்த வாக்கியங்களைக்கொண்டே அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துச் சொன்னதை நேரில் கண்டு பதிவுசெய்தார். கணிப்பில் நேர்ந்த பிசகு ஒரு மணி நேரத்துக்குள் அடங்கியது. தலைமுறை தலைமுறையாக மீதிகளைத் தேய்த்துத் தேய்த்துச் செப்பமாக்கிய அறிவு அந்தச் சோழிகளில் இருந்தது.

கும்பகோணத்தில் வளர்ந்து கேம்பிரிட்ஜில் உலகப் புகழ் எய்திய ஸ்ரீநிவாஸ ராமாநுஜத்தின் வாழ்விலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 1914 டிசம்பரில், பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் நிலையத்தை நிறுவிய மகலநோபிஸ், ராமாநுஜத்தின் அறைக்கு உணவுக்குச் சென்றிருந்தபோது, ஸ்ட்ராண்டு என்னும் சஞ்சிகையில் வந்த புதிர் ஒன்றைப் படித்துக் காட்டினார். ஒரு நீண்ட தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண் இட்டிருக்கிறது. ஒருவருடைய வீட்டுக்கு ஒரு பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகை மறுபக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகைக்குச் சமம். தெருவில் 50-க்கு மேல் 500-க்குள் வீடுகள் உண்டு. அவர் வீட்டின் எண் என்ன? மகலநோபிஸ் சோதித்துச் சோதித்துச் சில நிமிஷங்களில் விடையைக் கண்டிருந்தார். அடுப்பில் காய்கறியை வதக்கிக்கொண்டிருந்த ராமாநுஜமோ, புதிரைக் கேட்ட மாத்திரத்தில் ஒரு தொடர்பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் செய்தார். அந்த ஒரு பின்னத்துக்குள் இந்தத் தெருவுக்கு மட்டுமன்றி, இப்படி அமையக்கூடிய எல்லாத் தெருக்களுக்கும் விடை இருந்தது. எட்டு வீடுகள் உள்ள தெருவில் 6-ஆம் வீடு. 49 வீடுகள் உள்ள தெருவில் 35-ஆம் வீடு. 288 வீடுகள் உள்ள தெருவில் 204-ஆம் வீடு. கடைசியில் சொன்னதே புதிரின் விடை. அதன் இருபுறத்துத் தொகையும் 20,706. தொடர்பின்னம் என்பது வேறொன்றுமன்று. மீதியால் வகுத்து, அதன் மீதியால் மீண்டும் வகுத்து, முடிவில்லாமல் தொடர்ந்து செல்லும் அதே பழைய வழிதான். இப்புதிரின் அடியில் நிற்கும் இரண்டின் வர்க்கமூலம் எந்தப் பின்னத்திலும் அடங்காமல் மீதியை விட்டுக்கொண்டே போவதால்தான் தெருக்களின் வரிசையும் முடிவில்லாமல் நீள்கிறது. சமையல் செய்யும் வேளையில், வீட்டுக் கதவில் எழுதிய எண்ணைக்கொண்டு முடிவிலியைத் தொட்ட அந்த ஆனந்தத்துக்கு ஈடாக எதைச் சொல்வது!

காவலாக நிற்கும் மீதி

இத்தகைய அறிவு மேதைகளுக்கே உரியது என்று எவரும் எண்ண வேண்டா. உங்கள் சட்டைப்பையில் உள்ள வங்கி அட்டையின் எண்ணிலும் மீதி காவல் புரிகிறது. அதன் கடைசி இலக்கத்திலிருந்து இடப்புறமாக எண்ணி, ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டாம், நான்காம், ஆறாம் இலக்கங்களை இரட்டித்து, இரட்டித்தது ஒன்பதைத் தாண்டினால் அதிலிருந்து ஒன்பதைக் கழித்து, எல்லாவற்றையும் கூட்டினால் தொகை பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். லூன் என்னும் பொறியியலறிஞர் வகுத்த இம்முறை, ஓர் இலக்கம் பிசகினால் தவறாமல் கண்டுபிடித்துவிடுகிறது; அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும், 0-உம் 9-உம் மாறிய ஒரு சந்தர்ப்பம் நீங்கலாக, கண்டுபிடித்துவிடுகிறது. பெருக்கலைச் சரிபார்க்க ஒன்பதை ஒதுக்கிப் பார்த்த பழைய கணக்குப்பிள்ளையின் உத்திக்கு இது நெருங்கிய உறவு.

நாம் செய்யவேண்டுவது

இவற்றையெல்லாம் எடுத்துரைத்ததன் நோக்கத்தைச் சொல்லி முடிக்கிறேன். நம் பாடப்புத்தகங்களில் வரும் வகுத்தல் கணக்குகள் பெரும்பாலும் மீதியின்றி முடியும்படி அமைக்கப்படுகின்றன. மீதி வந்தாலும் அதை எழுதிவைப்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. இதனால் மாணவன் இருவகையில் நஷ்டமடைகிறான். மீதியைத் தொடர்ந்து சென்றால் கிடைக்கும் இன்பத்தை அவன் அறிவதில்லை. மீதி யார் கைக்குப் போகிறது என்று கேட்கும் பழக்கமும் அவனுக்கு வருவதில்லை. ஆகவே ஆசிரியப் பெருமக்களை நான் வேண்டுவது ஒன்று: வகுத்தல் கணக்கு ஒவ்வொன்றின் முடிவிலும், இந்த மீதியை என்ன செய்யலாம், ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்று மாணவனைக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவன் சொல்லும் பதிலில் கணிதமும் நியாயமும் ஒருங்கே வளரும். கடன் கொடுக்கும் நிலையங்களையும் கூட்டுறவுச் சங்கங்களையும் நடத்துவோரை வேண்டுவது மற்றொன்று: கடன் பத்திரத்தின் முதல் பக்கத்தில், எளிய தமிழில், பெரிய எழுத்தில், வாங்குபவர் உண்மையில் கொடுக்கப்போகும் ஆண்டு வட்டி எவ்வளவு என்பதையும், முடிவில் அவர் கையிலிருந்து போகும் மொத்தத் தொகை எவ்வளவு என்பதையும் அச்சிடுங்கள்.

கணக்கில் வல்லவர்கள் ஒரு சிலர் இருப்பதனால் ஒரு சமூகம் கணக்கறிந்த சமூகம் ஆகிவிடாது. தன் கூலியையும் கடனையும் பங்கையும் பற்றி, மீதி எங்கே என்று அஞ்சாமல் கேட்கும் துணிவு அதன் எளிய மனிதனுக்கும் இருக்க வேண்டும்; அவ்வாறு கேட்டால் மறைக்காமல் பதில் சொல்லும் பண்பு வலியவர்களுக்கு இருக்க வேண்டும். இவ்விரண்டையும் வளர்ப்பதற்கு நம் பள்ளிகளில் நாள்தோறும் நடக்கும் கணக்கு வகுப்பைவிடச் சிறந்த இடம் வேறில்லை.